72 கன அடியும் 60 கன அடியும்: கூலிக் கப்பல் விதிகள் வெறும் காகிதமா?

வாசகர் கேள்வி (இழையின் தொடக்கம்)

ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஆளுக்கு இவ்வளவு இடம், இவ்வளவு அரிசி, ஒரு மருத்துவர் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்ததாம். வெள்ளைக்காரன் எழுதி வைத்த காகிதம்தானே அது? ஒருவராவது மதித்திருந்தால் கடலில் எப்படி அத்தனை பேர் செத்திருப்பார்கள்?

ஜனவரி 9, இரவு

வெறும் காகிதம் இல்லை. இந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் எனக்குப் பொறுப்பதில்லை, ஏனென்றால் நடந்தது இதைவிடக் கடுமையானது. விதிகள் இருந்தன. மெல்ல மெல்ல நடைமுறைக்கும் வந்தன. சாவைக் குறைக்கவும் செய்தன. அப்படிக் குறைத்தது யாருக்காக என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் வரிசையை வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய அட்லஸ் கப்பல் 1834 நவம்பரில் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நிலைமை பற்றிப் பெரிதாக எந்தச் சட்டமும் இல்லை. 1837-இல் இந்திய அரசு முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது: போகிறவர் அதிகாரி முன் நிற்க வேண்டும், நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும், கப்பலில் இடமும் உணவும் மருத்துவரும் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். 1838 ஜனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குக் கிளம்பின. அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஜான் கிளாட்ஸ்டனின் ஏற்பாடு அது. ஆள்கடத்தல், அடி, சாவு என்று செய்திகள் வந்ததும் இங்கிலாந்திலும் கல்கத்தாவிலும் எதிர்ப்புக் கிளம்பி, ஆள் அனுப்புவதே நிறுத்தப்பட்டது. 1842-இல் மொரீஷியஸுக்கு மட்டும் மறுபடி திறந்தார்கள். இந்தத் தடவை துறைமுகத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்று ஒரு அதிகாரியையும் நியமித்தார்கள். 1844-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு வழி திறந்தது. அதன்பின் 1864, 1871, 1883 என்று சட்டம் தடித்துக்கொண்டே போனது.

காகிதத்தை இத்தனை தடவை திருத்தி எழுதுகிறார்கள் என்றால், அது எங்கோ ஒருவரைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்றுதான் பொருள்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

எண்கள் கேட்கிறீர்கள். 1856–57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவில் செத்தார்கள். ஆறில் ஒருவர். ஃபீஜிக்கு 1879 முதல் 1916 வரை 87 பயணங்கள். இந்தியாவில் கப்பல் ஏறியவர்கள் 60,965 பேர், அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் 60,553 பேர்.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் விதிகளின் கதை. நீராவிக் கப்பல் வந்தது, பயண நாள் குறைந்தது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பாய்மரக் கப்பல் காலத்திலேயே சாவு கணிசமாக இறங்கிவிட்டது.

ஜனவரி 10, காலை

நேற்று எழுதிய ஃபீஜிக் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், தூக்கத்திலும் அது உறுத்தியது. போய்ச் சேர்ந்த 60,553 பேரில் கப்பலிலேயே பிறந்த குழந்தைகளும் அடக்கம். இரண்டு எண்களையும் கழித்து 412 பேர்தான் செத்தார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். செத்தவர்கள் அதைவிட அதிகம். பிறந்த குழந்தைகள் அந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பிவிட்டார்கள். ஏறிய எண்ணிக்கை, இறங்கிய எண்ணிக்கை என்று பேரேட்டில் எழுதினால் கணக்கு நேராகிவிடுகிறது. தாய் ஒருத்தியைக் கடலில் போட்டுவிட்டு அவள் குழந்தையை இறக்கினாலும் அதே கணக்குத்தான்.

ஜனவரி 10, மாலை

"இறங்கிய எண்ணிக்கை" என்று எழுதியதும் சொல்லியே ஆக வேண்டியது. கப்பல் மருத்துவருக்கு மாதச் சம்பளம் இல்லை. உயிரோடு கரையிறங்கிய தலை ஒன்றுக்கு இத்தனை ஷில்லிங் என்று கூலி. அவர் செய்த பயணங்கள் கூடக் கூட அந்தத் தலைக்கூலியும் ஏறும். கப்பல் முதலாளிக்கும் அப்படித்தான்: குடியேற்ற நாட்டில் உயிரோடு இறங்கிய ஆளுக்குத்தான் முழுக் கட்டணம். ஜேம்ஸ் நூர்ஸின் கம்பெனி, கங்கை, சிந்து, சட்லஜ் என்று நம் ஆறுகளின் பெயரைக் கப்பல்களுக்கு வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் பல பத்தாண்டுகள் இருந்தது.

இதை யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1788-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைக் கப்பல்களுக்கு ஒரு சட்டம் போட்டது, டால்பென் சட்டம் என்பார்கள். அதில் சாவு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாவிட்டால் கப்பல் தலைவருக்கு 100 பவுன், மருத்துவருக்கு 50 பவுன் பரிசு. நூற்றுக்கு மூன்று என்றால் அதில் பாதி. பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிய கப்பல்களில் மருத்துவக் கண்காணிப்பாளர் என்ற பதவி வந்தது. அவருக்கும் நல்ல நிலையில் இறங்கிய கைதிகளின் கணக்குப்படி வெகுமதி உண்டு. அந்தப் பதவியையே பெயர்கூட மாறாமல் கூலிக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். அடிமை, கைதி, கூலி: மூவருக்கும் ஒரே ஏற்பாடு.

கீழே ஒருவர் "அப்படியானால் அடிமைக் கப்பலும் இதுவும் ஒன்றா" என்று கேட்டிருக்கிறார். ஒன்றில்லை. இங்கே ஒப்பந்தம் இருந்தது, காலவரை இருந்தது, திரும்பி வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் கடலில் உயிரைக் காப்பதற்கான கணக்கு அடிமைக் கப்பலிலிருந்து வந்த கணக்குத்தான். சரக்கு கெடாமல் சேர வேண்டும் என்ற கணக்கு.

ஜனவரி 11

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். நோக்கம் எதுவானாலும் உயிர் பிழைத்தது உயிர் பிழைத்ததுதான். காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருத்துவர் பாலும் சாகோவும் கொடுக்கச் சொன்னார் என்றால், அவர் மனதில் கருணை இருந்ததா ஷில்லிங் இருந்ததா என்று அந்தத் தாய் பார்த்திருக்கமாட்டாள். இதை நான் மறுக்கவில்லை. தலைக்கூலியைவிட மோசமான ஏற்பாடுகள் இருந்தன. தலைக்கூலி வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

எனக்கு வலிப்பது வேறு இடத்தில். அந்தக் கூலி கரையோடு முடிந்தது. இறங்கிய அன்று உயிர் இருந்தால் போதும்.

ஜனவரி 13

இப்போது என்னை இந்த இழைக்கே இழுத்துவந்த விஷயம்.

நான் காரைக்கால்காரன். 1861 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சுக் கயானா ஆகிய பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று. புதுச்சேரியும் காரைக்காலும் இதற்கு முன்பே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதத்திலேயே மார்த்தினிக்கில் நம்மவர்களை இறக்கிவிட்டது. உடன்படிக்கை வந்த பிறகு விதிகள் தெளிவாயின. ஐரோப்பிய மருத்துவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவர், நோயாளிகளுக்குத் தனியிடம். போய்ச் சேர்ந்ததும் வழியில் செத்தவர், பிறந்தவர் பட்டியலை அங்கிருக்கும் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

அதில் இடத்துக்கான விதியைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு வங்காள மாகாணத்திலும் பம்பாயிலும் 72 கன அடி. பிரெஞ்சுத் துறைமுகங்களிலும் மெட்ராஸ் மாகாணத்திலும் 60 கன அடி.

நம் ஆளுக்குப் பன்னிரண்டு கன அடி குறைவு. இரண்டு வல்லரசுகள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையில், அச்சில்.

எங்கள் குடும்பத்தில் ரியூனியனுக்குப் போன ஒருவரைப் பற்றிப் பேச்சு உண்டு. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். பெயர் மட்டும்தான் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது, கடிதம்கூட இல்லை. அவர் போன காலத்தை வைத்துப் பார்த்தால் அந்த 60 கன அடிக்குள்தான் போயிருப்பார்.

ஜனவரி 13, இரவு

கன அடி என்றால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். மேல்தளத்துக்குக் கீழே ஆட்கள் படுக்கும் இடைத்தளத்தின் உயரம் ஆறடி என்று வைத்துக்கொண்டால் 72 கன அடி என்பது தரையில் 12 சதுர அடி. ஆறடி நீளம், இரண்டடி அகலம். வீட்டில் கிடக்கும் கோரைப்பாயைவிட அகலம் குறைவு. அதே உயரத்தில் 60 என்றால் பத்துச் சதுர அடி: ஆறடி நீளம், ஒன்றே முக்கால் அடிக்கும் குறைவான அகலம்.

தங்கை மகனைப் படுக்கச் சொன்னேன். மல்லாந்து படுத்தால் இரண்டு பக்கமும் முழங்கை கோட்டைத் தாண்டுகிறது. ஒருக்களித்துப் படுத்தால் அடங்குகிறான். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனும் திரும்ப வேண்டும். கப்பல் ஆடும்போது இதே நிலையில் வாரக்கணக்கில். காரைக்காலிலிருந்து ரியூனியன் போகலாம், ஒரு மாதக் கணக்கு. மார்த்தினிக் என்றால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டும், மூன்று மாதம்.

பகலில் மேல்தளத்துக்கு வரலாம் என்பது உண்மைதான். மேலே வரச்செய்வது மருத்துவரின் கடமைகளில் ஒன்றாகவும் இருந்தது. மழையும் புயலும் வந்தால் ஆட்களைக் கீழே இறக்கி இடைத்தளத்தின் மூடியைப் போட்டுவிடுவார்கள். அப்போது அந்த 60 கன அடிக் காற்றுத்தான்.

ஜனவரி 15

ஒருவர் எழுதியிருக்கிறார்: "தென்னிந்தியர்கள் உருவத்தில் சிறியவர்கள் என்று நினைத்துக் குறைத்திருப்பார்கள்." உடன்படிக்கையில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. உருவம் காரணம் என்றால் வங்காளத்து ஆளுக்கும் பம்பாய் ஆளுக்கும் ஒரே அளவு கொடுத்திருக்கமாட்டார்கள்.

என் ஊகம் இது, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-களில் கல்கத்தாக் கப்பல்களில் சாவு கொடுமையாக இருந்தபோது மெட்ராஸ் கப்பல்களில் அது மிகக் குறைவு. ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரும், கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவிலேயே தொற்றிக்கொண்டு கப்பலேறிய வாந்திபேதியும் கல்கத்தாவின் சாபம். மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் சாகாமல் போய்ச் சேர்ந்தார்கள். அதிகாரிகளுக்கு அது ஒரு செய்தி: இவர்களுக்குக் குறைந்த இடம் போதும். சாகாமல் இருந்ததற்குக் கிடைத்தது, நெருக்கி அடுக்கப்படுவது.

வேறு காரணத்தை யாராவது காட்டினால் நான் கேட்கத் தயார். ஆனால் 12 கன அடியை எடுத்தார்கள் என்பதில் ஊகம் எதுவும் இல்லை.

ஜனவரி 16

சீனர்களுக்கு என்ன விதி என்று கேட்டவருக்கு. 1855-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சீனப் பயணிகள் சட்டம் கொண்டுவந்தது. ஹாங்காங்கிலிருந்து ஏழு நாளுக்கு மேற்பட்ட பயணம், இருபதுக்கு மேற்பட்ட ஆசியப் பயணிகள் என்றால் குடிபெயர்வு அதிகாரி கப்பலைச் சோதித்து, ஆட்களையும் விசாரித்துச் சான்று தர வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடி, 72 கன அடி. உணவுப் பட்டியலில் அரிசியோடு உப்பிட்ட இறைச்சி, ஊறுகாய், விறகு, தேயிலைகூட உண்டு. சீனரின் பழக்கம் தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதிய பட்டியல்.

விளைவு என்ன? ஆள் பிடிக்கும் தொழில் பக்கத்திலிருந்த மக்காவ் துறைமுகத்துக்கு நகர்ந்துவிட்டது. படகில் சில மணி நேரத் தூரம். அங்கே போர்த்துக்கீசியர் ஆட்சி, பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. 1859-இல் மக்காவ் துறைமுகத்திலிருந்து ஹவானாவுக்குக் கிளம்பிய ஃப்ளோரா டெம்பிள் கப்பல் தென்சீனக் கடலில் பாறையில் மோதியது. மாலுமிகள் படகுகளில் ஏறிப் போய்விட்டார்கள். கப்பலில் இருந்த சுமார் 850 சீனரையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். 1872-இல் மக்காவ் துறைமுகத்திலிருந்து பெருவுக்குப் போன மரியா லூஸ் கப்பல் பழுதுபார்க்க யோகோகாமாவில் நின்றது. ஒரு சீனர் கடலில் குதித்து நீந்தி அருகிலிருந்த பிரிட்டிஷ் கப்பலில் அடைக்கலம் கேட்டார். ஜப்பானிய அதிகாரிகள் விசாரித்து, கப்பலில் இருந்த அத்தனை பேரையும் விடுவித்தார்கள். 1874-இல் மக்காவ் வழியும் அடைபட்டது.

ஒரு துறைமுகத்தில் சட்டம் இறுகினால் பக்கத்துத் துறைமுகம் பிழைக்கும். காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1861-க்கு முன் காரைக்கால் தரகர்கள் தஞ்சாவூர் சீமைக்குள் புகுந்து ஆள் திரட்டியதும், பிரிட்டிஷ் அதிகாரிகள் அதற்காகப் பல்லைக் கடித்ததும் இதே கதைதான். உடன்படிக்கை வந்ததில் அந்தக் கடுப்புக்கும் பங்கு உண்டு.

ஜனவரி 18

பெண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். இடைத்தளத்தில் தனித்து வந்த ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், தனித்து வந்த பெண்கள் பின்பக்கம் என்று பிரித்தார்கள். மாலுமிகள் பெண்களோடு பழகக் கூடாது, மீறினால் சம்பளத்தில் பிடித்தம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று வீதமும் வந்தது. அந்த வீதம் சேராவிட்டால் கப்பலை அனுப்ப முடியாது என்பதால் தரகர்கள் பெண்களை எப்படியெல்லாம் தேடினார்கள் என்பது தனிக் கதை.

1885-இல் ஆலன்ஷா என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானா போனது. மஹாராணி என்ற இளம்பெண் வழியில் இறந்தாள். மாலுமிகள் தன்னைக் கெடுத்துவிட்டதாக உடன் வந்த பெண்களிடம் சொல்லியிருந்தாள். கயானாவில் விசாரணைக் குழு உட்கார்ந்தது, சாட்சிகளை அழைத்தது, பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. அந்தக் குற்றத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

பிரிந்து படுக்க வைக்கும் விதி இருந்தது, பழகக் கூடாது என்ற விதி இருந்தது, மருத்துவர் இருந்தார், விசாரணைகூட நடந்தது. அவள் வாய்மொழியாகச் சொன்னதை அவளோடு வந்த பெண்கள் சாட்சியமாகச் சொல்லியும் போதவில்லை. இந்த இழையில் "சட்டம் வேலை செய்தது" என்று நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மஹாராணியின் பெயரையும் வைத்துப் படியுங்கள்.

ஜனவரி 19

உணவு: அரிசி, பருப்பு, நெய், உப்பு, மஞ்சள், புளி, வெங்காயம், கருவாடு. கடல் கொந்தளித்து அடுப்பு மூட்ட முடியாத நாளில் அவல், வெல்லம், பிஸ்கட். சமைப்பவர் பண்டாரி, துப்புரவுக்கு டோப்பாஸ், வரிசையைப் பார்த்துக்கொள்ள சர்தார். சமைக்கிறவர் கைச்சோற்றை எல்லாரும் சாப்பிட வேண்டும் என்பதற்காக உயர்ந்த சாதியாகக் கருதப்பட்டவர்களைப் பண்டாரியாகத் தேடினார்கள். ஆனால் பந்தி ஒன்றுதான். பல சாதிக் கட்டுகள் கப்பலில் அவிழ்ந்ததற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை, இடநெருக்கடிதான் காரணம்.

தண்ணீர் முக்கியம். கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் கட்டாயமான பிறகு நிலைமை மாறியது. சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே வரி அதுதான்.

ஜனவரி 20

"சட்டம் இருந்தும் ஏன் செத்தார்கள்" என்ற முதல் கேள்விக்கு இரண்டு கப்பல்களைச் சொல்கிறேன்.

1858-இல் சால்செட் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து டிரினிடாட் போனது. ஏறியவர்கள் 324 பேர், வழியில் செத்தவர்கள் நூற்றுக்கும் மேல். கப்பல் தலைவர் ஸ்விண்டனின் நாட்குறிப்பை அவர் மனைவி ஜேன் ஸ்விண்டன் 1859-இல் அச்சாக்கினார். கடலில் போட்டவர்களின் கணக்கு அதில் நாள்வாரியாக வருகிறது. உடல் நலிந்தவர்களையும் குழந்தைகளையும் எண்ணிக்கைக்காக ஏற்றிவிட்டால், அதன்பின் எந்த மருந்தும் எந்த அரிசியும் உதவாது. துறைமுகத்து மருத்துவச் சோதனை அதன்பின் இறுகியது.

மெட்ராஸிலிருந்து டர்பன் போன முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு சேர்ந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடேர் வந்தது. வழியிலேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே நாட்டின் சட்டம். ஏறிய இடம்தான் வேறு.

ஜனவரி 20, பின்குறிப்பு

கடல் விதி கரையில் முடிந்துவிடும் என்று 11-ஆம் தேதி எழுதினேன். அதற்கு ஓர் உதாரணம் கேட்டார்கள். 1856 ஜனவரியில் ஹைதரி, ஃபத்தே முபாரக் என்ற இரண்டு கப்பல்கள் மொரீஷியஸை அடைந்தன, வாந்திபேதியோடு. 1854-இல் அந்தத் தீவே வாந்திபேதியில் செத்துப் பிழைத்திருந்ததால் உள்ளே விடவில்லை. வடக்கே உள்ள கேப்ரியல் தீவில் இறக்கினார்கள். சரியான கொட்டகை இல்லை, போதிய மருந்து இல்லை. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்தார்கள். இந்திய அரசு அதே ஆண்டில் மொரீஷியஸுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்தது. கப்பலுக்குள் ஆளுக்கு எத்தனை அடி என்று அளந்தவர்கள், கப்பலைவிட்டு இறக்கிய பாறைத்தீவில் எதையும் அளக்கவில்லை.

ஜனவரி 23

பினாங்கு, சிங்கப்பூர் பயணம் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அது வேறு சட்டம். நாகப்பட்டினத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர், குறிப்பாகப் பின்னாளில் கங்காணி வழியாகப் போனவர்கள், நீராவிக் கப்பலில் டெக் டிக்கெட்டில் போனார்கள். குறுகிய பயணம் என்பதால் சட்டமும் இளகியது. மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், தனி நோயாளி அறை என்ற ஒப்பந்தக் கப்பல் ஏற்பாடுகள் அப்படியே அங்கு இல்லை. ஆனால் ஆளுக்கு இத்தனை சதுர அடி என்ற கணக்கு இருந்தது. 1931-இல் சிம்லா விதிகள் என்று படுக்கை இல்லாத பயணிகளுக்கென்றே ஒன்று வந்தது. ஹஜ் யாத்திரிகர்களும் நம் டெக் பயணிகளும் அதில் அடக்கம். அதன் இடத்தில் 1971-இல் சிறப்பு வணிகப் பயணிக் கப்பல் உடன்படிக்கை, 1973-இல் இடஅளவு பற்றிய துணை உடன்படிக்கை.

சின்ன வயதில் அம்மாவோடு நாகப்பட்டினத்திலிருந்து அப்படிப் போயிருக்கிறேன். கப்பல் கடலில் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். அம்மா ஏறியதும் செய்த முதல் வேலை, பாயை விரித்து ஒரு பக்கம் டிரங்குப் பெட்டி, மறுபக்கம் கூஜா, தலைமாட்டில் மூட்டை என்று எல்லை கட்டியது. பக்கத்துப் பாய்க்காரப் பெண்மணியும் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு இருவரும் பேசி, நடுவிலிருந்த பெட்டியை எடுத்துவிட்டு, இரண்டு பாயையும் சேர்த்துப் போட்டார்கள். எங்களுக்கு ஓட இடம் கிடைத்தது. அந்தச் சதுர அடிகளை சிம்லாவில் கணக்கிட்டிருந்தார்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்.

ஜனவரி 26

எதிர்வாதம் செய்த நண்பர் கேட்கிறார்: "பிறகு ஏன் ஒப்பந்த முறையை எதிர்த்தார்கள்? கப்பல்தான் நன்றாகிவிட்டதே." கோகலே 1910-இலும் 1912-இலும் சட்டசபையில் பேசியபோது கப்பலில் அரிசி போதவில்லை என்று பேசவில்லை. அந்த முறையையே எதிர்த்தார். டர்பன் துறைமுகம் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கு 1911 ஜூலையோடு ஆள் அனுப்புவது நின்றது. 1860 முதல் அங்கே போனவர்கள் 1,52,184 பேர், மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸிலிருந்து. ஃபீஜிக்குக் கடைசிக் கப்பல் சட்லஜ், 1916 நவம்பர். 1917 மார்ச்சில் ஒப்பந்தக் கூலி அனுப்புவதையே நிறுத்தினார்கள். கடைசிக் கப்பல்கள்தான் எல்லாவற்றிலும் சுத்தமானவை, சாவு குறைந்தவை. அவற்றையும் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

ஜனவரி 27

காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இந்த இழையில் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் பதிவுச் சீட்டில் கப்பலின் பெயர், ஏறிய துறைமுகம், வயது ஆகிய மூன்று கட்டங்களையும் அப்படியே இங்கே தட்டச்சு செய்யுங்கள். வயது முக்கியம். உடன்படிக்கைப்படி பத்து வயதுக்கு மேல் என்றால் முழு ஆள், ஒன்று முதல் பத்து வரை என்றால் இருவர் சேர்ந்து ஒரு ஆள், ஒரு வயதுக்குக் கீழே இடக்கணக்கே இல்லை. 72-இலிருந்து 60 ஆக்கியது போதாமல் வயதிலும் யாராவது கைவைத்தார்களா என்று பார்க்க வேண்டும். ஒரே கப்பலின் சீட்டுகள் நாலைந்து சேர்ந்தால்கூடச் சொல்லிவிடலாம்.